அடுக்களை மேடைக்கு கிரானைட்: 18, 20, 30 மில்லி, எது எடுக்கலாம்?

தக்கலை வீடு

எல்லாருக்கும் வணக்கம். தக்கலைக்குப் பக்கத்தில் மாமனார் கட்டிய பழைய வீடு. இப்போது அடுக்களையை மட்டும் புதுப்பிக்கிறோம். மேடை எல் வடிவம். ஒரு கை 10 அடி, இன்னொரு கை 6 அடி, அகலம் 2 அடி. 10 அடிக் கையில் பழைய மேடையை இடித்தாகிவிட்டது. அந்த இடத்தில் பிளைவுட் பெட்டி வைத்து மேலே கிரானைட் போடுவதாகத் திட்டம். சிங்க், கல்லை வெட்டிப் பதிக்கும் ஹாப் அடுப்பு இரண்டும் அந்தக் கையில்தான் வரும்.

கல்லின் கனம் எத்தனை மில்லிமீட்டர் என்றால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். கடைக்காரர் 18 போதும் என்கிறார். கொத்தனார் 20க்குக் குறைந்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவேன் என்கிறார். மஸ்கட்டில் இருக்கும் கொழுந்தன் போன் போட்டு, "30க்குக் கீழே போடாதீங்க அண்ணி, பார்க்கவே ஒரு கனம் வேண்டாமா?" என்கிறார்.

எங்கள் வீட்டில் மேடைக்கு நல்ல வேலை. தினமும் தேங்காய் உடைப்போம். 2 லிட்டர் கிரைண்டர் மேடையிலேயே இருக்கும். மீன்குழம்புக்கு அரைக்க அத்தைக்கு அம்மிதான் வேண்டும், மிக்சி அரைப்பு பிடிக்காது. அந்த அம்மியையும் மேடையில் ஏற்றிவிடலாமா என்று கேட்கிறார். ஒருமுறை போட்டால் இருபது வருடத்துக்கு மாற்றப்போவதில்லை, அதனால் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் கல்வேலை

தங்கச்சி, நான் இந்த வேலையில் 22 வருடமாக இருக்கிறேன். எத்தனை மில்லி என்று கேட்கும் முன்னால் கடைக்காரர் சொல்லும் மில்லியை நம்பலாமா என்று கேளுங்கள். சீட்டில் 20 என்று எழுதியிருக்கும். அளந்து பார்த்தால் 17 இருக்கும், சில கல்லில் 16தான் இருக்கும். ஒரே பாறைத் துண்டில் மெல்லிசாக அறுத்தால் இரண்டு மூன்று பலகை கூடக் கிடைக்கும், காரணம் அவ்வளவுதான். சதுர அடிக்கு விலை பேசுவதால் வாங்குகிறவர் கனத்தைப் பார்ப்பதில்லை.

கடைக்குப் போகும்போது கனம் அளக்கும் வெர்னியர் கருவி ஒன்று கையில் இருக்கட்டும். லேத் பட்டறையில் கேட்டால் தருவார்கள். பலகையின் ஓரத்தில் ஒரே இடத்தில் அளந்துவிட்டு வந்துவிடாதீர்கள். நான்கு பக்கமும் அளக்க வேண்டும். ஒரு மூலை 19, எதிர்மூலை 16.5 என்று இருக்கும் கல்லை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதைப் போட்டால் இரண்டு கல் சேரும் இடத்தில் படி விழும், விரல் வைத்தால் தட்டும்.

இன்னொன்று. இன்னும் 6 அடிக் கை இடிக்கவில்லை என்றுதானே சொல்கிறீர்கள்? அதன் அடியில் இருப்பது கான்கிரீட்டா? கான்கிரீட் என்றால் நான் சொல்லும் வரை சுத்தியலைக் கீழே வைக்கச் சொல்லுங்கள்.

நாகர்கோவில் பொறியாளர்

அண்ணன் சொன்ன அளவு விஷயத்துக்குக் கணக்கைச் சொல்கிறேன்.

கல்லை அமுக்கினால் தாங்கும், வளைத்தால் உடையும். கிரானைட்டின் வளைவு வலிமை அதன் அமுக்க வலிமையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். சுசீந்திரம் கோயில் பிராகாரத்தில் நடக்கும்போது மேலே பாருங்கள். அவ்வளவு தடித்த கல் பலகையைக்கூட நீளமாகத் தொங்கவிடாமல் நெருக்க நெருக்கமாகத் தூண் நிறுத்தித்தான் கூரை போட்டிருக்கிறார்கள். பத்மநாபபுரம் அரண்மனையின் நவராத்திரி மண்டபத்திலும் அதே முறைதான். பலகை எவ்வளவு கனம் என்பது இரண்டாவது. தூணுக்குத் தூண் எவ்வளவு தூரம் என்பதுதான் முதலில் வருகிறது.

வளைவைத் தாங்கும் திறன் கனத்தின் வர்க்கமாக மாறும். 20 மில்லிக் கல்லின் திறன் 100 என்றால் 18க்கு 81. 16 மில்லி என்றால் 64. அதாவது 4 மில்லி குறைத்துக் கொடுத்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வலிமை போய்விடுகிறது. 30 என்றால் 225.

225 என்று பார்த்ததும் 30க்கு ஓடிவிடாதீர்கள். சிங்க் வெட்டும் இடத்தைப் பாருங்கள். 24 அங்குல அகலத்தில் 18 அங்குலம் வெட்டி எடுத்தால் முன்னால் 3, பின்னால் 3 அங்குலம் மிஞ்சும். 24 அங்குலம் சுமந்ததை அந்த இடத்தில் 6 அங்குலம் சுமக்கிறது, அதாவது கால் பங்கு. 30 மில்லி தந்த கூடுதலையெல்லாம் அந்த ஒரு ஓட்டை விழுங்கிவிடும். அந்த இடத்துக்குத் தேவைப்படுவது சிங்கின் இரண்டு பக்கமும் ஒட்டி ஒரு தாங்கல், முன்பட்டைக்கு அடியில் ஒரு குறுக்குச் சட்டம். அதை வைத்துவிட்டால் 20 மில்லி தாராளம்.

எடையையும் பாருங்கள். உங்கள் மேடை மொத்தம் 28 சதுர அடி. 20 மில்லி கிரானைட் சதுர அடிக்கு ஏறக்குறைய 5 கிலோ, 30 மில்லி ஏழரைக் கிலோ. மொத்தம் 140 கிலோவா, 210 கிலோவா என்பதுதான் வித்தியாசம். கறுப்புக் கல் இன்னும் கொஞ்சம் கனக்கும். நாம் கறுப்பு கிரானைட் என்று சொல்வதில் பெரும்பாலானவை புவியியல்படி டாலரைட், கேப்ரோ வகையைச் சேர்ந்தவை, அடர்த்தி கூடியவை. அதற்கு 155க்கும் 235க்கும் பக்கம் வரும்.

மஸ்கட் நாஞ்சிலான்

அந்தக் கொழுந்தன் நான் இல்லை, ஆனால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். இங்கே பார்க்கும் மேடையெல்லாம் 40 மில்லி போலத் தெரியும். பிறகு இங்கே கல் பதிக்கிற ஒருவரிடம் விசாரித்தேன். முக்கால்வாசி 20 மில்லிதான், முன்விளிம்பில் ஒரு பட்டி ஒட்டிக் கனமாகக் காட்டுகிறார்கள் என்றார். குனிந்து அடியில் தடவிப் பார்த்தேன், உண்மைதான்.

குவார்ட்ஸ் போடுவது பற்றி யோசித்தீர்களா? கறை பிடிக்காது, ஒரே நிறமாக இருக்கும்.

மார்த்தாண்டம் கல்வேலை

பட்டி ஒட்டுவதை எங்கள் ஊரில் டபுள் பட்டி என்போம். அழகுதான், நானும் நிறைய ஒட்டியிருக்கிறேன். ஆனால் பெட்டி செய்யும் ஆசாரியிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பட்டி 20 மில்லி கீழே இறங்கி நிற்கும். அதைக் கணக்கில் வைக்காமல் மேல் டிராயரைச் செய்துவிட்டால், இழுக்கும்போது டிராயர் முகப்பு பட்டியில் இடித்து வெளியே வராது. ஒரு வீட்டில் கல் பதித்து முடித்த மறுநாள் அந்த வீட்டு அம்மா கூப்பிட்டு, மூன்று டிராயரும் திறக்கவில்லை என்று காட்டினார்கள். ஆசாரி வந்து முகப்பையெல்லாம் இழைத்துக் குறைத்தார். அதிலிருந்து பெட்டியைப் பார்க்காமல் பட்டி ஒட்டுவதில்லை.

குழாயையும் பாருங்கள். மேடையில் துளை போட்டு நிறுத்தும் குழாய் என்றால், அதன் அடி நட்டு பிடிக்க மரை போதுமான நீளம் இருக்க வேண்டும். கல் கனக்கக் கனக்க மரை எட்டாது. ஹாப் அடுப்பின் கிளிப்புக்கும் அதே கதைதான். குழாயோடும் அடுப்போடும் வரும் தாளில் எத்தனை மில்லி மேடைக்கு என்று போட்டிருக்கும். அந்தத் தாளைக் கல் அறுக்கிறவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

குவார்ட்ஸ் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ராத்திரி வந்து எழுதுகிறேன்.

குளச்சல் அக்கா

கடலுக்குப் பக்கம் இருப்பவர்கள் கேளுங்கள். எங்கள் வீட்டில் 30 மில்லிக் கல்தான் போட்டோம். கனம் கூடுதல் என்பதால் அடியில் இரும்பு ஆங்கிள் பற்றவைத்து ஒரு சட்டம் கொடுத்தார்கள், பெயின்ட் அடித்து அழகாகத்தான் இருந்தது. மீன் கழுவும் தண்ணீர், உப்புக்காற்று இரண்டும் சேர்ந்து எட்டாவது வருடம் அந்த ஆங்கிள் அடுக்கடுக்காகப் பொரிந்து உப்பிவிட்டது. துரு பிடித்த இரும்பு வீங்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அது கல்லை மேலே நெம்பி, சிங்க் மூலையிலிருந்து சுவர் வரைக்கும் ஒரு கோடு. முதலில் தலைமுடி என்று நினைத்துத் துடைத்தேன், போகவில்லை. 30 மில்லி கல் அது.

இப்போது துருப்பிடிக்காத ஸ்டீல் சட்டம் போட்டிருக்கிறோம். செங்கல் குறுக்குச்சுவர் கட்டினாலும் சரி, இரும்பு வேண்டாம்.

தக்கலை வீடு

எவ்வளவு விஷயம்! அண்ணா, 6 அடிக் கையில் மேலே மொசைக், கீழே கான்கிரீட் பலகை, இரண்டு ஓரமும் நடுவிலும் செங்கல் சுவர். இன்று காலை கொத்தனாரிடம் நிறுத்தச் சொல்லிவிட்டேன். அதில் விரிசல் ஒன்றும் தெரியவில்லை. சிங்க் மட்டும் ஜன்னல் பக்கம் வருவதால் 10 அடிக் கையில்தான் இருக்கும், அதை மாற்ற முடியாது.

மார்த்தாண்டம் கல்வேலை

தங்கச்சி, அப்படியானால் உங்கள் பிரச்சினை பாதி முடிந்தது. அந்தக் கையை இடிக்க வேண்டாம். மொசைக்கை மட்டும் கொத்தி எடுத்துவிட்டுச் சிமென்ட் கலவை போட்டு மேலே கல்லைப் பதிக்கலாம். அடி முழுவதும் கான்கிரீட்டில் படிந்திருக்கும் கல்லுக்கு வளைய இடமே இல்லை, அங்கே 18 போட்டாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் கலவை முழுக்கப் பரவ வேண்டும். அங்கங்கே உருண்டை வைத்து மேலே கல்லை அமுக்கினால் நடுவில் வெற்றிடம் இருக்கும், தேங்காய் உடைக்கிற அடி அந்த இடத்தில் விழுந்தால் போச்சு. காய்ந்த பிறகு விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பொத்துப் பொத்தென்று கேட்டால் எடுத்துப் போடச் சொல்லலாம்.

கிரைண்டர், தேங்காய் உடைப்பு எல்லாம் அந்தக் கைக்குப் போகட்டும். பெட்டி மேல் இருக்கும் 10 அடிக்கு 20 வேண்டும், சீட்டு 20 இல்லை, வெர்னியர் 20.

இப்போது குவார்ட்ஸ். அது பாறையிலிருந்து நேராக வெட்டியதில்லை. அரைத்த குவார்ட்ஸ் கல்லை ரெசின் பசையில் சேர்த்து அழுத்திச் செய்வது, பத்தில் ஒன்பது பங்குக்குமேல் கல் இருக்கும். அழகு உண்டு, மஞ்சள் கறையும் அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் நம் வீட்டில் மண்சட்டியில் மீன் கொதித்ததும் இறக்கி மேடையில் அப்படியே வைப்போம். ரெசின் அந்தச் சூட்டைத் தாங்காது, வட்டமாகத் தடம் விழும். அந்தத் தடத்தைத் தேய்த்து எடுக்கவும் முடியாது. கிரானைட்டுக்கு அந்தப் பயம் குறைவு.

அதைவிட, அறுக்கிறவன் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. குவார்ட்ஸ் தூசியில் சிலிக்கா மிக அதிகம். அதைச் சுவாசித்தால் நுரையீரல் இறுகும், சிலிக்கோசிஸ் என்பார்கள், அதற்கு மருந்து கிடையாது. ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலை 1 முதல் இந்த வகைக் கல்லையே தடை செய்துவிட்டார்கள், கல் அறுத்த இளவயதுப் பையன்களுக்கு வந்த நோயைப் பார்த்து. வீட்டில் போட்டிருப்பவர்களுக்கு அதனால் ஒன்றும் இல்லை, அறுக்கும்போதுதான் ஆபத்து. கிரானைட் தூசியிலும் சிலிக்கா உண்டு, ஆனால் அதைவிடக் குறைவு.

என்னோடு வேலை படித்தவன் ஒருவன் நாற்பது வயதில் மாடிப்படி ஏற முடியாமல் நடுவில் உட்காருகிறான். நாங்கள் இரண்டு பேரும் ஒரே பட்டறையில், மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு காய்ந்த கல்லை அறுத்தவர்கள். துண்டு ஒன்றுக்கும் உதவாது என்று அப்போது சொல்ல ஆளில்லை. உங்கள் வீட்டில் சிங்க் துளையை வாசலில் வைத்து அறுப்பார்கள். அப்போது ஒரு பையனை நிறுத்தி, பிளேடு மேல் தண்ணீர் விட்டுக்கொண்டே அறுக்கச் சொல்லுங்கள். சகதிதான் ஆகும், கழுவிவிடலாம். நேரம் ஆகும் என்று சொல்வார்கள். ஆகட்டும். வீட்டுக்காரர் சொன்னால் கேட்பார்கள், நான் சொன்னால் வயசான ஆள் புலம்புகிறான் என்பார்கள்.

நாகர்கோவில் பொறியாளர்

அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு என் தளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வடிகட்டியுள்ள முகக்கவசம் வாங்கச் சொல்லிவிட்டேன். தண்ணீரும் வேண்டும், கவசமும் வேண்டும்.

சிங்க் துளையில் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். மூலைகள் கூராக இருக்கக் கூடாது. நான்கு மூலையிலும் முதலில் வட்டத் துளை போட்டுவிட்டு, துளைக்குத் துளை அறுக்க வேண்டும். கூர் மூலையில் பிளேடு சற்று தாண்டி ஓடியிருக்கும், விரிசல் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும். அக்கா வீட்டில் சிங்க் மூலையில் தொடங்கியதற்கும் இது துணை போயிருக்கலாம்.

மயிலாடி கல்

நாங்கள் தலைமுறையாகச் சிற்ப வேலை. மேடைக் கல் எங்கள் தொழில் இல்லை, ஆனால் கல்லைப் பார்க்கும் விதம் ஒன்றுதான். பலகையைச் சாய்த்து நிறுத்தி, ஒரு நாணயத்தால் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். மணி போல ஒரே ஓசை வர வேண்டும். ஓர் இடத்தில் ஓசை அமுங்கினால் உள்ளே வெடிப்பு இருக்கிறது. பிறகு பின்பக்கம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் காய விடுங்கள். எல்லா இடமும் காய்ந்த பிறகும் ஒரு கோடு மட்டும் ஈரமாகவே நிற்கும் என்றால் அந்தப் பலகை வேண்டாம். பின்பக்கம் வலை ஒட்டியிருந்தால் கல் இயல்பிலேயே நொய்மையானதாக இருக்கலாம், அதனால் ஒட்டியிருக்கலாம் என்று புரிந்துகொள்ளுங்கள்.

கறுப்பு எடுப்பதானால் பஞ்சில் அசிட்டோன் நனைத்துத் துடைத்துப் பாருங்கள். பஞ்சு கறுத்தால் சாம்பல் கல்லுக்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். திண்டிவனம் பக்கத்துக் குன்னம் கறுப்புக்கு அந்தச் சாயம் தேவையில்லை.

அம்மியை மேடையில் ஏற்ற வேண்டாம் தாயே. அம்மிக்கு மெத்தென்ற தரை வேண்டாம், அதே சமயம் மெல்லிய கல்லும் வேண்டாம். கீழே மண்ணோடு பேசிக்கொண்டிருக்க வேண்டிய பொருள் அது.

குளச்சல் அக்கா

அண்ணன் சொன்னது சரி. நான் பின்பக்க வொர்க் ஏரியாவில் இடுப்பளவுக்குச் செங்கல் திண்ணை கட்டி அதில் அம்மியைப் பதித்துவிட்டேன். நின்றுகொண்டே அரைக்கலாம், முழங்கால் வலிக்கவில்லை. தீயலுக்கு வறுத்த தேங்காயை அதில் வைத்து அரைத்தால் வாசம் தெருவுக்குப் போகும்.

அப்புறம், அடுப்புக்குக் கீழ்த் தட்டுக்குக் கடப்பா கல் போடுவார்கள், அது பரவாயில்லை. மேல் மேடைக்குக் கடப்பா கொடுத்தால் வாங்காதீர்கள். அது சுண்ணாம்புக் கல், கொடம்புளித் தண்ணீர் பட்ட இடமெல்லாம் வெளுத்துவிடும்.

தக்கலை வீடு

இரண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

வெர்னியரோடு போனேன். முதல் கடையில் 20 என்று காட்டிய கல் 16.4 இருந்தது. எதிர்பக்கம் 17.1. கேட்டதற்கு, "எல்லா இடத்திலும் இதுதான்மா 20" என்றார்கள். மூன்றாவது கடையில் 19.6 முதல் 20.1 வரை ஒரு பலகை கிடைத்தது. அதே பாறையில் அறுத்த அடுத்த பலகையும் இருந்ததால் இரண்டு கைக்கும் அதையே எடுத்துவிட்டோம். நாணயத்தால் தட்டினேன், தண்ணீர் ஊற்றினேன். கடைப் பையன்கள் வேலையை விட்டுவிட்டு வந்து கூட நின்று கேட்டார்கள், ஒருவன் தானும் தட்டிப் பார்த்தான்.

உயரத்தில் ஒரு சிக்கல் வந்தது. மொசைக் எடுத்த பிறகு பழைய கான்கிரீட் 31 அங்குலத்தில் நின்றது. அதன் மேல் கலவை 20 மில்லி, கல் 20 மில்லி சேர்ந்து முப்பத்திரண்டரை வருகிறது. புதுப் பெட்டியை ஆசாரி 32 அங்குலத்துக்குச் செய்வதாக இருந்தார். செய்திருந்தால் இரண்டு கையும் சேரும் இடத்தில் கால் அங்குலம் ஏறி நின்றிருக்கும். மார்த்தாண்டம் அண்ணனுக்குப் போன் செய்தேன், பெட்டியை 31¾க்குக் குறைக்கச் சொன்னார். இப்போது இரண்டும் ஒரே மட்டம்.

மார்த்தாண்டம் கல்வேலை

நன்றாகச் செய்தீர்கள். 10 அடிக் கைக்கு மட்டும் 30 மில்லி எடுத்திருந்தால் பெட்டியை இன்னும் அரை அங்குலத்துக்குப் பக்கம் குறைக்க வேண்டி வந்திருக்கும், கேஸ் பைப் துளையும் மாறியிருக்கும். பெட்டிக்குக் கொதிநீரையும் தாங்கும் பி.டபிள்யூ.பி. பிளைவுட்தானே? பலகையில் ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா பாருங்கள். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, ஈரம் வருடம் முழுக்க நிற்கும். முன்விளிம்பின் அடிப்பக்கம் நீளவாக்கில் ஒரு மெல்லிய கோடு அறுத்துவிடச் சொல்லுங்கள். மேடையிலிருந்து வழியும் தண்ணீர் அந்தக் கோட்டில் தடைபட்டுக் கீழே சொட்டிவிடும், பெட்டிக்குள் போகாது. 16 மில்லிக் கல்லில் அதைச் செய்யப் பயமாக இருக்கும், உங்கள் கல்லில் தாராளமாகச் செய்யலாம். சேரும் இடம் சிங்கிலிருந்து தள்ளியே இருக்கட்டும்.

தக்கலை வீடு

நேற்று பதித்து முடித்தார்கள் அண்ணா. சிங்கின் இரண்டு பக்கமும் பெட்டிச் சுவர், முன்பட்டைக்கு அடியில் ஸ்டீல் சட்டம். கோடு அறுத்தாயிற்று. டபுள் பட்டி வேண்டாம் என்று விட்டுவிட்டோம், கொழுந்தனிடம் படம் அனுப்பினேன், 20 என்று நம்பவில்லை.

சிங்க் துளையை முற்றத்தில் வைத்து அறுத்தார்கள். என் மகன் தோட்டத்துக் குழாயைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை தண்ணீர் விட்டான். அறுத்த பையனுக்கு இருபது வயது இருக்கும். முதலில் வேண்டாம் என்றான், பிறகு ஒன்றும் சொல்லவில்லை. முடிந்ததும் கால் முழங்கால் வரை சாம்பல் சகதி, முகத்தில் தூசி இல்லை. கழுவ வெந்நீர் கொடுத்தேன்.

அம்மிக்குப் பின்பக்கம் திண்ணை கட்டக் கொத்தனார் திங்கட்கிழமை வருகிறார். குளச்சல் அக்கா, அந்தத் திண்ணை எத்தனை அங்குல உயரம் வைத்தீர்கள்? அத்தை நான்கு அடி பத்து அங்குலம்தான்.

குளச்சல் அக்கா

எனது 28. நான் ஐந்தடி இரண்டு. அத்தையை நிற்கவைத்து, கையை மடக்கி அம்மிக் குழவி பிடிப்பது போலப் பிடிக்கச் சொல்லி அளந்துகொள்ளுங்கள். அம்மியின் கனத்தையும் அதில் கழிக்க மறந்துவிடாதீர்கள்.